ஒரு சாண் தூரம்

கப்பலின் அடிவயிற்றில் ஒரு துளை.
அறுநூறுக்கு நானூறு, மில்லிமீட்டரில்.
தோளைச் சாய்த்தால் நான் நுழைவேன்,
தலையில் கவசம் இருந்தால் மாட்டேன்.
ஆகவே முதலில் நான்,
பின்னால் கயிற்றில் என் முகம்,
அதன் பின்னால் விளக்கு,
கடைசியாக எதுவார்தஸின் குரல்:
"தங்குவோலே, மூச்சு இருக்கா?"
இருக்கிறது என்று தகட்டில் இரண்டு தட்டு.

கிளைப்பேடாவில் பிப்ரவரி.
வெளியே காயலில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசுகின்றன.
உள்ளே பதினோராம் அறையில்
வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்குகிறது.

பெரிய கவசம் நல்ல கவசம்தான்.
தானாகக் கறுக்கும் கண்ணாடி, நான்கு உணரிகள்.
மேல்தளத்தில் நின்று வேலை பார்த்தால்
எனக்கு அதில் ஒரு மிடுக்குகூட வரும்.
இங்கே முட்டுகிறது.
இடப்பக்கம் சட்டம், வலப்பக்கம் குழாய்,
பின்மண்டையின் திருகுக்குமிழ் எதிலோ சிக்கி
நான் திரும்பினால் அது திரும்புவதில்லை.
குழாயின் மறைவில் உணரிகள் குருடாயின.
பொறி கிளம்பியதை அவை பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

அன்றிரவு இமைக்குள் மணல்.
வீட்டில் யாரும் விளக்குப் போடக்கூடாது என்று கத்தினேன்.
உருளைக்கிழங்கு வில்லை வைத்தேன், எல்லோரும் வைப்பதுதான்.
கிழங்கு சூடாயிற்று.
மணல் அப்படியே.

மூன்றாம் நாள்
கிடங்குச் சன்னலில் சேனோனஸ்.
வாங்கிய கவசத்தைத் திருப்பிப் பார்த்தான்,
ஏதோ நான்தான் அதைக் கடித்துவிட்டதுபோல.

தட்டைக் கவசம்? கேட்டேன்.
"ஒரு பக்கத்து வெளிச்சத்தை மறைக்கும்.
உன் அறையில் எத்தனை பக்கம்?"
ஆறு. ஆறும் எஃகு. ஆறும் திருப்பி அடிக்கும்.
பின்கழுத்து வழியாக நுழைந்து
கண்ணாடியின் உட்புறத்தில்
என் மூக்கையே எனக்குக் காட்டும்.

கண்ணை மட்டும் மூடும் கண்ணாடி?
"கண் தப்பும். கன்னம் உரியும்."

பிறகு அவன் கொக்கியிலிருந்து எடுத்தது
தோல் முக்காடு.
மடியும், நசுங்கும், துளைக்குள் தலையோடு வரும்,
தோள்வரை இறங்கி வெளிச்சத்தை அடைக்கும்,
புகைவடிகட்டிக்கும் அடியில் இடம் விடும்.
யாரோ ஒருவரின் பழைய வியர்வையும் புகையிலையும்
இலவசம்.
கண்ணாடி பதினொன்று. மாறாத கறுப்பு.
பொறி வரும்வரை இருட்டுதான்;
மூட்டை விரலால் தேடி
மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறித்துக்கொண்டேன். பற்றவைத்தேன்.
உருகிய இரும்பு
மங்கலான ஒரு மஞ்சள் கறை.
ஓரம் எது, நடு எது, தெரியவில்லை.
தையல் குடிகாரன்போல நடந்திருந்தது.

"பதினொன்று ரொம்பக் கறுப்பு, ஒன்பது கொடு" என்றேன்.
சேனோனஸ் கொடுக்கவில்லை.
பேரேட்டைத் தள்ளினான்: "கையெழுத்துப் போடு, போன வாரத்துக்கு."
வரி எங்கே என்று பார்க்க
பேரேட்டைச் சற்றே தள்ளிப் பிடித்தேன்.
இன்னும் சற்று.
கை முடியும் தூரம்வரை.

அவன் சிரிக்கவில்லை.
இழுப்பறையில் துழாவினான்.
சிகரெட் பெட்டி அகலத்தில் ஒரு வில்லை,
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் செருகுவது.
"ஒன்றரை. போதாவிட்டால் இரண்டு இருக்கு."

மேல்தளத்தில் கை நீளத்துக்கு வேலை;
அதனால் எனக்கே தெரியாமல்
நாற்பத்தாறு வயது வந்து போயிருக்கிறது.
அறைக்குள்தான் தூரம் ஒரு சாண்.
அங்கே அது என்னைப் பிடித்துவிட்டது.

பேரேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
அவன் எதையோ எழுதி மூடினான்.
பிறகு ஒருநாள், அவன் தேநீருக்குப் போனபோது,
வில்லையைப் பிடித்துப் படித்தேன்:
இடம் குறுகல்.

இப்போது பதினோராம் அறை.
மூடியதும் இருட்டு, விரல், குறி, பொறி,
உடனே அது:
நகத்தடிப் பிறைபோல ஓரம்,
அதன் பின்னால் சுருங்கிக்கொண்டே வரும் சிவப்பு வால்,
மேலே மிதந்து ஒதுங்கும் கசடு.
இத்தனை நாளும் இது இப்படித்தான் இருந்ததா?

எதுவார்தஸ் மூன்று முறை கூப்பிட்டானாம்.
நான்காவதற்குத்தான் தட்டினேன்.